மேஸ்திரி போட்ட கோடு

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் இருந்தேன். மருந்து தூக்குற வேலை. கொட்டகையிலிருந்து வெடிமருந்துப் பெட்டியை எடுத்து, வெடி வைக்கிற பாறைக்குக் கொண்டுபோகணும்.

குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தன் வரலைன்னா அவன் வேலையை மத்தவங்க பகிர்ந்து செய்வோம். மேஸ்திரி நோட்டில் அவன் பேருக்கு நேரா கோடு போட்டுடுவார். வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்குச் சுழி. சுழி விழுந்தா அன்னைக்குக் கூலி இல்ல. நானும் எத்தனையோ பேருக்காக உழைச்சிருக்கேன். யாரும் அதைத் தப்புன்னு நினைச்சதில்ல.

ஒரு நாள் முடிச்சூரில் மாமனார் வீட்டு நடவு. போயிட்டேன். எனக்கும் கோடு விழுந்தது. அன்னைக்கே கொட்டகையில் ஒரு பெட்டி காணாமப் போச்சு. மருந்து தூக்குறவன் நான். நோட்டில் கோடு இருக்கு. போலீசுக்கு அது போதும்.

கோர்ட்டில், நான் நடவில் இருந்ததா மாமனார் சொன்னது எடுபடல. சொந்தக்காரர் அப்படித்தான் சொல்வார்னு தள்ளிட்டாங்க. அப்புறம் மேஸ்திரியைக் கூண்டில் ஏத்தினாங்க.

"அன்னைக்கு இவன் வேலைக்கு வந்தானா?"

அவர் என்னைப் பார்க்கல. "வந்தாங்க ஐயா."

பொய்க்கோடு போட்டேன்னு சொன்னா அவர் வேலை போயிடும். எனக்கு மூணு வருஷம் போட்டாங்க.

இரண்டாம் மாசம் மேஸ்திரி ஜெயிலுக்கு மனு போட்டு என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதார்.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்டா. அப்பால வேலை போனாப் போவுது. வக்கீலாண்ட வந்து உண்மைய எழுதிக் குடுத்துடறேன்."

நம்பினேன். நம்பாம அங்கே நாளைத் தள்ள முடியாது.

சாயங்காலம் அடைக்கிறதுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு எண்ணுவாங்க. "இருக்கேன் ஐயா"ன்னு சொல்லணும். ஒரு நாள் இல்லாத இடத்தில் இருந்ததா எழுதினதுக்கு, இங்கே தினம் இருக்கேன்னு சொன்னேன்.

பக்கத்துப் பாயில் ஒரு சைக்கிள் திருடன். காலையில் எழுந்ததும் கேட்பான்.

"இன்னா அண்ணாத்த, கல்யாணப் பத்திரிகை வந்துச்சா? பொண்ணப் பெத்தவன்கூட இப்டி நாள் எண்ணிக்கினு இருக்க மாட்டான்."

சிரிச்சுக்குவேன். மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நானே எழுதி வெச்சேன். நாலு வரி. மூணாம் கிளாஸ் படிப்புக்கு ஒரு வாரம் பிடிச்சது. அடுத்த மனுவில் பார்க்க வந்த என் சம்சாரத்துகிட்ட அது சேர்ந்தது.

இரண்டு தை போச்சு. மூணாம் வருஷம்தான் கல்யாணம் நடந்தது. என் சம்சாரம் அந்தக் காகிதத்தை மடியில் வெச்சுக்கிட்டுப் போனா. பந்தியில் இலை எடுத்துட்டு, கூட்டம் கலையற வரைக்கும் நின்னிருக்கா.

"சம்பந்தி வூட்டாளுங்க கீறாங்கம்மா. இப்பப் போயா இத நீட்டுவ?" என்றாராம் மேஸ்திரி.

ஒரு மாசம் விட்டு மறுபடி போனா.

"மாப்ள வூட்ல தெரிஞ்சா பொண்ணு எப்டிம்மா வாழும்? வுட்டுடும்மா."

மனு நேரத்தில் வந்து இதைச் சொல்லிட்டு, மடிச்ச மாதிரியே காகிதத்தைக் காட்டினா. சைக்கிள்காரன் மறுநாள் ஒண்ணும் கேட்கல.

தண்டனை முடிஞ்சுதான் வெளியே வந்தேன். மறுநாள் காலையில் குவாரிக்குப் போனேன். மேஸ்திரி அதே கல்மேல், நோட்டோட உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துட்டார்.

"வாடா வா. ஓனராண்ட பேசிட்டேன், உன் பேரச் சேத்துட்டேன். இன்னைக்கு வூட்டுக்குப் போய்ப் படு. கோடு நான் போட்டுக்கறேன்."

"சுழி போடுங்க" என்றேன்.

"இன்னாடா?"

"நான் இன்னைக்கு வேலைக்கு வரல. வரலன்னு போடுங்க."

உடைச்சுக்கிட்டிருந்தவங்க சம்மட்டியைக் கீழே வெச்சாங்க. மேஸ்திரி எல்லாரையும் பார்த்தார். பென்சிலை எடுத்தார்.

சுழி முழுசா மூடுற வரைக்கும் நின்னு பார்த்தேன். அப்புறம் வீட்டுக்கு நடந்தேன்.