மழைக்கு மறுநாள் மூடிய பெட்ரோல் பங்க்

அந்தக் கண்ணாடி பாட்டில் எப்போதும் மேசைமேல் இருக்கும். காலையில் விற்பனை தொடங்குமுன் அதில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் எங்கள் மேனேஜர் அக்கா. ராயக்கோட்டை சாலையில் இருந்த அந்த பங்க்கில் நான் வண்டிகளுக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மதுரைப் பக்கம். கோபம் வந்தால் குரல் ஓசூர் வரை கேட்கும்.

மக்காச்சோளத்திலும் கரும்பிலும் எடுத்த எத்தனால் என்ற எரிசாராயத்தைக் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வரத் தொடங்கியிருந்த நேரம். வண்டிக்காரர்கள் சாராயம் விற்பவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். "வண்டிக்கு போதை ஏறுமா?" என்ற கேலிக்கு பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. அக்காவுக்கோ அதன்மேல் தனிப் பெருமை. கப்பலில் வருகிற எண்ணெயை நம்பிக் கிடந்த நாடு தன் வயலிலிருந்தே வண்டி ஓட்டப்போகிறது என்பார். ஒரே சங்கடம், அதற்குத் தண்ணீர் ஆகாது. முன்பு வந்த பெட்ரோல் என்றால் அடியில் தங்கும் தண்ணீரை இறைத்துவிடலாம். இதில் தண்ணீர் அதிகமானால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்துவிடும், பெட்ரோலே கெட்டுவிடும்.

பெருமழைக்கு மறுநாள் காலை, பாட்டிலின் அடியில் தண்ணீர் கலங்கலாக நின்றது. நிலத்தடித் தொட்டியின் மூடி வழியாக மழைநீர் இறங்கியிருக்கிறது. தக்காளி மண்டிக்குப் போகிறவர்கள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள். அக்கா முதலாளிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "கொஞ்சம்தானே, சத்தமில்லாம ஓட்டிடு. மூடினா நாளையிலருந்து நீ வரவேணாம்" என்றார். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர் அக்கா. போனை வைத்துவிட்டு, பம்புகளுக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொன்னார்.

ஒரே கூச்சல். பெட்டி கட்டிய மொபெட்டோடு கெலமங்கலத்து விவசாயி ஒருவர் முன்னால் வந்தார். தன் மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைக்குக் கொடுப்பவர். "அப்ப எங்க சோளந்தான் சரியில்லன்னு சொல்றீங்களாம்மா?"

அக்கா பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். "உங்க சோளத்துமேல ஒரு குத்தமும் இல்லண்ணே. தொட்டி மூடிய நாங்க ஒழுங்கா போடல. தப்பு எங்களுது."

அவர் அதைச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். பாட்டில் வரிசை முழுக்கப் போய் வந்தது. பிறகு விவசாயி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அடுத்த பங்க்குக்கு நடந்தார்.

இன்று இந்தப் பக்கம் எல்லோரும் ஒன்றும் கேட்காமல் டேங்க்கைத் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். அதை நினைக்க இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

அன்று மதியம் முதலாளி வந்தார். அக்கா தன் பையை எடுத்து, கிளம்பத் தயாராக வைத்திருந்தார். அந்த விவசாயியும் மண்டியிலிருந்து திரும்பியிருந்தார். "புது லோடு வந்ததும் எனக்குத்தான் மொதல்ல போடணும். ஆனா இந்தம்மா பாத்து சரின்னு சொல்லட்டும்" என்றார்.

முதலாளி விவசாயியைப் பார்த்தார், அக்காவின் பையைப் பார்த்தார். பிறகு அக்காவிடம்தான் கேட்டார்: "தொட்டி கழுவ ஆள் எப்ப வருதும்மா?"