அதே ஆணியில் வேறொரு மகன்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அப்பாவும் மகனும் சண்டை போட உங்கள் ஹாலைத் தருவீர்களா என்று வீடு வீடாக ஏறி இறங்கும் அவஸ்தை, உங்களில் கல்யாணத் தரகு பார்த்தவர்களுக்குப் புரியும்.

மார்சிலிங் அக்கா

கதவைத் திறந்த அக்காவிடம் கதையைச் சொன்னேன். அப்பா சொன்ன படிப்பை மகன் படிக்கவில்லை, வீடு ரெண்டுபடுகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஓர் அறைக்கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா அசரவே இல்லை.

"நடிகரெல்லாம் எதுக்கு தம்பி? சனிக்கிழமை எங்க வீட்டுக்காரரும் மகனும் வீட்லதான் இருப்பாங்க. கேமராவ மட்டும் கொண்டு வாங்க லா."

முதல் வேலை

கடைசியில் புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கதிரேசன் அங்கிள், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஒரே மகன் பிரேம், அவர் வேண்டாம் என்ற பெண்ணையே கட்டிக்கொண்டு போய்விட்டார்.

படப்பிடிப்பு வீட்டில் எங்கள் முதல் வேலை, சுவரில் இருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு நடிகர்களின் படத்தை மாட்டுவது. பிரேம் ராணுவ உடையில் நிற்கும் படத்தைக் கழற்றினேன். அங்கிள் பின்னாலேயே வந்தார்.

"கீழ வச்சிராதீங்க தம்பி. என் கட்டில்ல, தலகாணி மேல வைங்க."

ஒரே டேக்

நாடக அப்பா மகனை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார். மகனாக நடித்தவர் லிஃப்ட் வரை நடந்தார். ஒரே டேக்கில் முடிந்ததென்று கைதட்டினோம். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கத் தேடினால், அங்கிள் கேட் கம்பியைப் பிடித்தபடி லிஃப்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அன்னிக்கு லிஃப்ட் வர ரொம்ப நேரமாச்சு தம்பி. ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பான்."

பிரேமின் அழைப்பு

நாடகம் ஒளியேறியது. அலுவலகத்தில் என் எண்ணை வாங்கிப் பிரேமே கூப்பிட்டார். தீபாவளிக்கு மனைவியோடு அப்பாவைப் பார்க்கப் போக இருந்தாராம். அதற்குள் நாடகத்தில் தன் வீட்டைப் பார்த்துவிட்டார். தன் படம் இருந்த ஆணியில் வேறு எவனோ சிரிக்கிறான்.

கழற்றியது நான், வேலை முடிந்ததும் திரும்ப மாட்டியதும் நான், அப்பா அதைத் தலையணைமேல் வைக்கச் சொன்னார் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எங்கப்பா அப்படியெல்லாம் பேசற ஆளே இல்ல. இது உங்க நாடக வசனம் மாதிரியே இருக்கு."

கடைசி வாரம் நாடக மகன் வீடு திரும்பினான், பார்த்தவர்களெல்லாம் அழுதார்களாம். தீபாவளியன்று அந்த வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு முறுக்கு சாப்பிடப் போனவன் நான் ஒருவன்தான்.