மீராசாவின் சகன்

எந்தக் கந்தூரி விருந்துக்கு வந்தாலும் மீராசா கையைக் கழுவிவிட்டு, ஈரம் காயும்வரை நின்றுகொண்டே இருப்பார். சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒரு சகன் சோற்றைச் சுற்றி ஆறு பேர் குந்துவார்கள். ஒரே தாம்பாளத்தில் ஆறு கை. எல்லாச் சகனும் நிறைந்தபின் மீராசாவிடம் ஒரு சோற்றுப்பொதியைக் கொடுத்து அனுப்புவார்கள்.

அவருடைய முன்னோரை வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தான். மீராசா கரைவலை இழுக்கப் புத்தளத்திலிருந்து வந்து, இங்கேயே கல்யாணம் முடித்தார். அவர் இழுத்த மீனைத் தின்றோம். பள்ளிவாசலில் அவரோடு தோளொட்டி நின்று தொழுதோம். வெளியே வந்ததும் காப்பிலி என்றோம். சந்தையில் அபூசாலி அவருடைய சுருள்முடிக்குள் ஈர்க்கைச் செருகி, விழுமா விழாதா என்று பந்தயம் கட்டுவான். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

1981இல் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். வாப்பா கந்தூரி கொடுத்தார். என் சகனில் ஐந்து பேர்தான். மீராசா ஈரக்கையோடு என்னைப் பார்த்தார். நான் முழங்காலை அகட்டி அந்த இடத்தை அடைத்தேன். சமத்துவத்தைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய அதே ஆள்.

பொதியை வாங்கும்போது அவர் சொன்னார்: "தம்பி, என்ட மகள்ட கல்யாணத்தில ஒரு சகன் வைக்க நேர்ந்திரிக்கன். ஊரார் அஞ்சு பேர் என்னோட குந்தணும். நீங்களும் வரணும்."

"ஓம் காக்கா" என்றேன், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

1986இல் அவர் மகள் நாச்சியாவுக்குக் கல்யாணம். ஊரார் வந்தார்கள், வெற்றிலை போட்டார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று போனார்கள். அப்போது பள்ளிக்கூட ஆசிரியராகிவிட்ட நான் அவர் வீட்டு வாசல் படலைவரை போனேன். அங்கே நின்ற அபூசாலி கேட்டான்: "என்ன மாஸ்டர், காப்பிலிர சகன்லயா குந்தப் போறீங்க?"

உள்ளே மீராசா சகனுக்கு முன்னால் கையைக் கழுவிவிட்டுத் தனியே இருந்தார். நான் சிரித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டு வருடத்தில் அவர் மௌத்தானார். அவர் உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் சுமக்க ஆளை ஆள் முந்தினோம். சுமந்தால் நன்மை கிடைக்குமே.

நாற்பதாம் நாள் நாச்சியா என்னிடம் வந்தாள். "வாப்பாட நேர்ச்சை கடனாக் கிடக்கு. அவர்ட இடத்தில என்ட மாப்புள குந்துவார். அஞ்சு பேரக் கூட்டி வாங்க மாஸ்டர்."

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். என்னையும் சேர்த்து இன்றுவரை ஒருவர்தான்.