போனட்டைத் திறக்காத மெக்கானிக்

மஸ்கட்டுக்கு வேலைக்குத் திரும்பும் மனைவியை விமானம் ஏற்றிவிடக் கிளம்பிய அன்று, குழித்துறை வருவதற்குள் என் பழைய கார் மூன்று முறை நின்றுவிட்டது. சற்று நேரம் விட்டால் ஓடும், மறுபடி நிற்கும். முந்தைய வாரம்தான் பெட்ரோல் பம்பை மாற்றியிருந்தேன். மனைவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தருகே இருந்த மெக்கானிக் ஒல்லியான மனிதர், காதோரம் மட்டும் நரை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தியை மேற்பார்வையிடுகிறவரைப் போல வண்டியைச் சுற்றி வந்தார்.

“கொஞ்ச நேரம் விட்டா தன்னால ஓடுது, இல்லியா?”

“ஆமா.”

நான் போனட்டைத் திறக்கப் போனேன். அவரோ பின்னால் போய் பெட்ரோல் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“இத ஆரு சாரே கெட்டினது?”

“நான்தான். மழ வெள்ளம் எறங்காம இருக்க.”

“காத்தையும் சேத்து அடச்சிட்டியளே! காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வரும்?”

மனைவி என்னைப் பார்த்த பார்வையை அவரும் பார்த்துவிட்டார். கவரை உருவிக்கொண்டே அவளிடம் சொன்னார்: “போன மழைக்கு நானும் இதத்தான் செய்தேன். எஞ்சின எறக்கி நாலு நாளு தேடினேன், பாத்துக்கிடுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் கார் எங்கும் நிற்கவில்லை. விமானத்துக்கும் நேரம் மிச்சமிருந்தது.

ஒரே கேள்வியில் நோயைக் கண்டவர், தன் வண்டியில் மட்டும் நாலு நாள் தேடியிருப்பாரா?