மாதத்துக்கு ஒரு காலன்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பெரிய முதலாளி என் அப்பாவைப் பெட்ரோல் திருடன் என்றார். ஆம்பூரில் அவருடைய தோல் மண்டிக் காரை ஓட்டியவர் அப்பா. சாப்பாட்டுத் தூக்கோடு போன நான் கார் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டேன். இன்றைக்கும் என் பிள்ளைகளிடம் யாராவது குரலை உயர்த்தினால் நான் குறுக்கே போய் நின்றுவிடுகிறேன். அன்று வந்த பழக்கம்.

ஆனாலும் அப்போது எனக்கு ஒரே குதூகலம். பட்டணத்தில் படித்த சின்ன முதலாளி, அண்ணன் கேட்டதற்காக ஷெட் கதவில் சாக்கட்டியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தை மாதம் வாரத்துக்கு நாலு காலன். வைகாசியில் எட்டு.

"நாலு மாசத்துல நாலு காலன் ஏறியிருக்குண்ணே. சராசரியா மாசத்துக்கு ஒண்ணு. வண்டி போறது அதே வேலூருதான்."

இப்படியே ஏறினால் எனக்குக் கல்யாணம் ஆவதற்குள் கார் ஒரு கிணற்றையே குடித்துவிடும்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த ஜாஸ்தி எங்கய்யா போவுது?" என்றார் பெரியவர்.

"எஞ்சினு தேஞ்சிபோச்சிங்க."

"மாசம் பொறந்தா கரெக்டா தேயுதா? நல்ல எஞ்சினுய்யா! இந்த ஒரு வாரமா ஷெட்டப் பூட்டி வெச்சேனே, இன்னா ஆச்சி உனுக்கு, வயிறு காயுதா? உண்மைய சொல்லு. இல்லன்னா போலீஸ்ல சொல்லிடுவேன்."

அப்பா சின்ன முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளி கணக்கைப் பார்த்தார். நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "சொல்லேம்பா!" அப்பா என் கையை மெல்ல விலக்கிவிட்டார். பெரியவர் போலீஸுக்கு ஆள் அனுப்பத் திரும்பினார்.

அப்போது வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. தலை நிறைய மல்லிகையோடு ஒரு பெண் இறங்கினாள். குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்தாளாம். யாரையும் கேட்காமல் நேரே சின்ன முதலாளியிடம் போய் நின்றாள். அவர் கையிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்தது. அவள் பேசி முடித்ததும் பெரியவர் ஏன் தன் மேல்துண்டாலேயே கதவைத் துடைத்தார், அப்பா ஏன் தலையைக் குனிந்துகொண்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அவள் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லையே:

"இன்னாங்க, ஒரு வாரமா காரே வரல? ஒடம்புக்கு இன்னாவோன்னு பயந்து நானே வந்துட்டேன்."