மரியதாஸ் அண்ணனின் மூன்று மாதக் கொமிஷன்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது நியாஸ் நானாவின் அழைப்பு வந்தது. ஏறாவூரில் கடை வைத்திருக்கும் அவர் ஓடர் சொல்லத்தான் எடுக்கிறார் என்று பேனையைத் தூக்கினேன். "தங்கச்சி, நம்மட மரியதாஸ் மோசம் போயிட்டாராம். காலமை நெஞ்சு நோ வந்ததாம்," என்றார். அவர் இறந்துவிட்டாரென்று விளங்கியதும் தூக்கிய பேனையை மூடிவைத்தேன்.

கல்லடியைச் சேர்ந்த மரியதாஸ் அவர்கள் எங்கள் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி; றெப் என்றால்தான் கடைத்தெருவில் விளங்கும். பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் ஏறாவூரிலிருந்து வாகரை வரை ஓடர் எடுப்பது அவரது வேலை. அவரது கையெழுத்தோடு மல்லுக்கட்டியே எனக்குப் பன்னிரண்டு வருடம் போயிற்று. கேட்டால், "என்ட எழுத்தில பிழையில்ல, உங்கட கண்ணாடிய மாத்துங்க சுகந்தி," என்பார்.

கடைக்குள் போனால் முதலில் ஓடர் கேட்கமாட்டார். பழைய பக்கற்றுகளைத் தட்டின் முன்பக்கம் எடுத்துவைத்து, "இது வித்து முடியட்டும், மறுகா எடுங்க," என்று சொல்லிவிட்டு வருவார். விற்க வந்தவரே வாங்கவேண்டாம் என்று சொன்னால் எந்தக் கடைக்காரருக்குத்தான் பிடிக்காது?

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கம்பனி ஆட்களைக் குறைத்தது. முதலில் போனவர் அவர்தான். மூன்று மாதக் கொமிஷன் வரவேண்டியிருந்தது. கடைக்காரரின் காசு கம்பனிக்கு வந்த பிறகே றெப்புக்குக் கொமிஷன் என்பது எங்கள் நடைமுறை. "காசு வரட்டும், தாறம்," என்றார் முகாமையாளர். அண்ணனின் பைக்குக்கு லீசிங் தவணை பிந்திக்கிடந்தது. கொமிஷன் கிடைக்காவிட்டால் லீசிங்காரர் பைக்கைத் தூக்கிவிடுவார்கள். பைக் இல்லாத றெப்பை வேறெந்தக் கம்பனியும் எடுக்காது.

காசோ வந்தபாடில்லை. விசாரித்தால், அவரை நிறுத்திய கோபத்தில் அந்தப் பாதைக் கடைக்காரர்கள் எல்லோரும் கம்பனிக்குக் கட்டுவதில்லை என்று கையை மடக்கிவிட்டார்கள். பாசத்தில் அவர் வயிற்றிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே வேலை போன மனிதர், வேலையைப் பறித்த கம்பனிக்குக் காசு சேர்க்க பஸ் ஏறிக் கடைகடையாகப் போனார். நியாஸ் நானா பின்னாளில் அந்தக் காட்சியை நடித்தே காட்டுவார்.

"உங்கள நிப்பாட்டினவனுக்கு நான் ஒரு சதம் குடுக்க மாட்டன்."

"நானா, கோவத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க. நீங்க அவனுக்குக் குடுத்தாத்தான் அவன் எனக்குத் தருவான்."

"இத முந்தியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கெல்லாம் எனக்காகச் சண்டை பிடிக்கிறீங்களெண்டு கொஞ்ச நாள் சந்தோசமா இருந்திட்டன்."

ஒரு மாதத்துக்குள் காசு முழுவதும் வந்துவிட்டது. அதன் பிறகு முகாமையாளர் வேறு கதை சொன்னார்: காசு வந்த நேரம் மரியதாஸ் வேலையில் இல்லையாம். அந்தப் பாதையைச் சேர்த்துப் பார்த்த வேறொரு றெப்பின் பெயரில் கொமிஷன் பட்டியல் போடச் சொன்னார். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டுக்கொடுத்தேன். எழுதும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தார். விசாரணைக்குக் கம்பனி சார்பில் என்னையும் கூட்டிப்போனார்கள். அண்ணன் தன் ஓடர் புத்தகங்களின் கார்பன் பிரதிகளை மேசையில் அடுக்கினார். அதிகாரி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வாசிக்கக்கூடிய ஆள் ஆரும் இருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அப்படி ஓர் ஆள் மட்டக்களப்பிலேயே நான் ஒருத்திதான். முகாமையாளர் என்னை முறைத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னை இக்கட்டில் மாட்டக்கூடாதென்று குனிந்தபடியே இருந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து கடை, திகதி, பெட்டி என்று வரிவரியாக வாசித்தேன். "பட்டியல்ல பேர மாத்தி எழுதினதும் நான்தான் சேர்," என்றும் சொன்னேன்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "வேலை போகுமா சுகந்தி?"

"போகலாம்."

"போனாச் சொல்லுங்க. எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்கு இப்ப நல்லாத் தெரியும்."

கொமிஷன் வந்தது, பைக் மிஞ்சியது, என் வேலையும் போகவில்லை. ஆறு மாதத்தில் முகாமையாளரே அவரைத் திரும்பக் கூப்பிட்டார். வேறு யார் போனாலும் அந்தப் பாதையில் ஓடர் விழவில்லை. கொமிஷன் விபரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அண்ணன் வந்தார். பட்டியலைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

புதன்கிழமை அடக்கத்துக்குக் கடைக்காரர்கள் வான் பிடித்து வந்திருந்தார்கள். பெட்டியை மூடும் முன் நியாஸ் நானா என்னருகே வந்தார். ஒருவரை அடக்குவதற்கு முன் அவரது கடனை விசாரிப்பது நானா போன்ற முஸ்லிம்களின் வழக்கம்.

"மரியதாஸ் ஆருக்கும் ஏதும் குடுக்க இருக்கா தங்கச்சி? இருந்தா நான் பொறுப்பு."

"அவர் ஆருக்கும் ஒண்டும் குடுக்க இல்ல நானா. நான்தான் அவரிட்ட ஒரு மன்னிப்புக் கேக்காம விட்டுட்டன்."

"அப்ப மூட முந்திப் போய்க் கேளு புள்ள," என்றார்.

போய்க் கேட்டுவிட்டேன், அண்ணன். சந்தோஷமாகப் போய் வாருங்கள்.