சாமுராய் வீட்டுச் சம்பந்தம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. மொன்ட்ரியாலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் உள்ள எங்கள் மூன்றாம் மாடி வீட்டில். மகளைக் கட்டப்போகிறவரின் அப்பாவும் அம்மாவும் யப்பானிலிருந்து வந்து, முதன்முதலாக எங்கள் மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் நல்லது என்று நேர்ந்துகொண்டுதான் சோறு பரிமாறினேன்.

முதலில் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. என் கணவரின் தங்கையின் மகள். ஊரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் அதற்கு முன்பே இல்லை. மூன்று வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். எங்களுக்கு வேறு பிள்ளைகள் கிடைக்கவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிறகு அவளைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு, "சரி, இண்டைக்கு என்ன சாப்பாடு?" என்றாள்.

வீட்டுக்குள் அது ஒரு விஷயமே இல்லை. வெளியில்தான். ரொறன்ரோவிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, நாள் பார்க்கும் வரைக்கும் போனது. பிறகு யாரோ சொல்ல, "சொந்தப் பிள்ளையெண்டு நினைச்செல்லோ வந்தனாங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். மகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த நாளே வேலைக்குப் போனாள். என் கணவருக்குத்தான் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவளே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட யப்பான்காரர். அமைதியான பையன், சப்பாத்தைக் கழற்றி அழகாக வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிற பையன். எனக்குப் பிடித்துவிட்டது. என் கணவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "எங்கடை ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்.

ஒருநாள் பின்னேரம் சென்ட் லோரன்டிலிருந்து வேலை முடித்து வந்த என் கணவரின் முகம் வேறு மாதிரி இருந்தது. விமானப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அவரோடு நிற்கிற ஒருவர், பையனின் குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். மியாமோட்டோ. யப்பானிலேயே பேர்போன சாமுராயின் பெயரும் அதுதானாம். மியாமோட்டோ முசாஷி.

அன்றிலிருந்து வீட்டில் முசாஷிதான். சாப்பிட்டு முடிந்தால் போனில் வீடியோ. அறுபதுக்கு மேல் சண்டை, ஒன்றிலும் தோற்கவில்லை. ஒரு தீவில் எதிரி வாளோடு காத்துக்கொண்டு நிற்க, இவர் வேண்டுமென்றே பிந்திப் போனாராம். போகிற வழியில் படகுத் துடுப்பைச் செதுக்கி மரவாள் செய்து, அதாலேயே ஒரே அடியில் ஆளை முடித்தாராம்.

"இஞ்சேரும், இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்பார். அவர் சொல்வது சாமுராயையா, வரப்போகிற மருமகனையா என்று எனக்குச் சில நேரம் விளங்காது.

அந்தப் பரம்பரைதானா என்று பையனிடமே கேட்டார். அவர் சிரித்து, அப்பாவிடம்தான் கேட்க வேண்டும் என்றார். என் கணவருக்கு அது போதும். ரொறன்ரோ, லண்டன், யாழ்ப்பாணம் எல்லா இடமும் போன் போனது. "சாமுராய் பரம்பரையாம்." முன்பு "யப்பான்காரனோ?" என்று இழுத்தவர்கள் இப்போது போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்துக் கனகாலம். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பையனின் பெற்றோருக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் கதை திரும்பியது. ஒருநாள் மகளிடம் வந்து, "பிள்ளை, உன்ரை விஷயத்தை அவையளுக்கு இப்ப சொல்லவேண்டாம். பரம்பரையான ஆக்கள், ரத்தம் பாப்பினம். கலியாணம் முடியட்டும்" என்றார்.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவருக்கு எப்பவோ தெரியும், அப்பா. ஒளிக்கிறதுக்கு நான் என்ன களவெடுத்தனானோ?"

அவர் பிறகு குசினிக்குள் வந்து, சமைத்துக்கொண்டு நின்ற என்னிடம் மட்டும் சொன்னார்: "இன்னொருக்கா என்னாலை தாங்கேலாது." தானே ஆசை ஆசையாக ஊதிப் பெருப்பித்த பரம்பரையைப் பார்த்துத் தானே பயந்துபோய் நின்றார், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் கணவரின் அக்காவும் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். எதையும் நேராகக் கேட்டுவிடுகிற மனுசி. நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய் எல்லாம் வைத்திருந்தேன். பையனின் அம்மா எங்கள் கையைப் பார்த்துப் பார்த்து, கரண்டியை விட்டுவிட்டு நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்டார். அப்பா ஒரு பல் வைத்தியர், முசாஷி சண்டை பிடித்த அந்தத் தீவுக்குக் கிட்டத்தான் அவர்களுடைய ஊர். அவர் யப்பானிய மொழியில் சொல்ல, பையன் அதைப் பிரெஞ்சில் சொல்ல, மகள் அதைத் தமிழில் சொல்லுவாள். சிரிக்கச் சொன்ன ஒரு பகிடி மேசையைச் சுற்றி வருவதற்குள் கறி ஆறிவிடும்.

என் கணவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். அறுபது சண்டை, தீவு, துடுப்பு எல்லாவற்றையும் கையால் நடித்தும் காட்டினார். பல் வைத்தியர் அதை ரசித்துப் பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அவருக்கும் தங்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லையாம், அப்பா. யப்பானிலை அந்தப் பேர் கனபேருக்கு இருக்காம். தங்கடை பாட்டனார் மீன் வித்தவராம்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். என் கணவரின் காது சிவந்துவிட்டது. "அப்ப அந்தத் துடுப்பு?" என்றார். அதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அதுவும் நிச்சயம் இல்லையாம். பிந்திப் போனதும் துடுப்பைச் செதுக்கியதும் முசாஷி செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எழுதிய கதைகளாம். அறுபது சண்டை என்பதும் அவரே தன்னைப் பற்றிச் சொன்ன கணக்காம். தங்கள் ஊரில் ஒரு பெரிய கல் நிற்கிறதாம், முசாஷி இறந்து சில வருடங்களில் அவருடைய மகன் நட்டது. அதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்ததாகத்தான் எழுதியிருக்கிறதாம்.

என் கணவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "மகன் இருந்தவரோ? அப்ப பரம்பரை ஒண்டு இருக்குத்தானே!"

கேள்வி அந்தப் பக்கம் போய்ப் பதில் திரும்பி வந்தது. பையன் பிரெஞ்சில் சொல்லி முடித்த பிறகும் மகள் வாய் திறக்கவில்லை. "என்னவாம் பிள்ளை?" என்றார் அக்கா.

"அவர் கலியாணம் கட்டினதா, சொந்தப் பிள்ளை இருந்ததா நிச்சயமா ஒண்டும் தெரியாதாம்." மகளின் குரல் இறங்கிவிட்டது. "எடுத்து வளத்த பிள்ளையளாம். அந்தக் கல்லை நட்டவர் அவரின்ரை கூடப்பிறந்த அண்ணன்ரை மகன் எண்டும் சொல்லுகினமாம். அவர்தானாம் முசாஷியின்ரை பேரைக் காப்பாத்தினது."

நானும் அக்காவும் என் கணவரைப் பார்த்தோம். பல் வைத்தியருக்கு மகளின் விஷயம் ஒன்றும் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்ன திருப்தியில் முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் எழும்பினார். குசினிக்குள் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகளின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார்.

"இவள் என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை" என்றார். "சொல்லு பிள்ளை. அவையளுக்குச் சொல்லு."

மகளால் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். அப்போது நான் வாய் திறந்தேன். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற இடத்தில் பழகிய பிரெஞ்சுதான் என்னுடையது. அவருடைய தங்கை, தங்கையின் பிள்ளை, இப்போது எங்கள் பிள்ளை. அவ்வளவுதான் எனக்கு வந்தது. பையன் அதை யப்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

பல் வைத்தியர் "ஆ" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்துத் தலையை நன்றாகத் தாழ்த்தி வணங்கினார். இவரும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிய, மகளின் தலையில் நெற்றி முட்டப் பார்த்தது. பையனின் அம்மாதான் ஒரு கேள்வி கேட்டார்: வந்த அன்றைக்குப் பிள்ளை அழுததா?

"அழேல்லை" என்றார் என் கணவர். "சப்பாத்தைக் கழட்ட விடமாட்டாள். திரும்பவும் ஓடவேண்டி வரும் எண்டு நினைச்சிருக்கிறாள். சப்பாத்தோடைதான் படுப்பாள். நித்திரையானாப் பிறகு நான் கழட்டி வைப்பன். அவள் எழும்ப முந்தித் திருப்பிப் போட்டுவிடுவன்."

மகளுக்கு அது தெரியாது. நாங்கள் சொன்னதில்லை, சொல்ல வேண்டுமென்று தோன்றியதுமில்லை. அவள் திரும்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சப்பாத்துக்கான பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லி, போடுவதையும் கழற்றுவதையும் கையால் காட்டி, மிச்சத்தை எப்படியோ விளங்கப்படுத்தினேன். பையனின் அம்மா எழும்பி வந்து, நண்டுக்கறி ஒட்டிய விரல்களை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டால் மகளின் கன்னத்தைத் தடவினார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெத்த தகப்பன் மாதிரியெல்லோ வளத்தவன், அதையும் சொல்லு" என்றார்.

"மாதிரி எண்டு சொல்லவேண்டாம், அக்கா" என்றார் என் கணவர்.

அடுத்த கோடையில் கலியாணம் நடந்தது. இப்போது யாராவது எங்கள் வீட்டில் முசாஷியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் விடமாட்டார். துடுப்புக் கதையை நம்ப வேண்டாம், அது பிற்காலத்தில் எழுதியது என்று வாத்தியார் மாதிரித் திருத்துவார். மருமகன் வீட்டார் மீன் வித்த ஆட்கள் என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொல்லுவார். என்னிடமும் புதிதாகப் பழகுகிறவர்கள் சில பேர் மகளின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொந்தப் பிள்ளையா என்று கேட்பதுண்டு. ஓம், என் கணவரின் தங்கை பெற்ற என்னுடைய மகள் என்று, பக்கத்தில் யார் நின்றாலும் குரலைத் தாழ்த்தாமல் சொல்ல அன்றைக்குத்தான் பழகினேன்.